முடக்குவாத மாத்திரை ஏன் வாரம் ஒரு நாள் மட்டும்?

"அம்மாவுக்கு வலி தினமும் இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒரு நாள்தான் போடச் சொல்கிறார் டாக்டர். தினம் ஒன்று போட்டால் சீக்கிரம் குணமாகாதா?" என்று பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு.

முடக்குவாதத்தில் நம் நோயெதிர்ப்புச் செல்களே மூட்டின் உள்சவ்வைத் தாக்கி, நாளடைவில் எலும்பை அரிக்கின்றன. வலி மாத்திரை வலியை மட்டும் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது. மெத்தோட்ரெக்ஸேட் அந்த அரிப்பையே தடுக்கப் பார்க்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகத சுப்பாராவ் 1940களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின் பற்றி நடத்திய ஆராய்ச்சியின் வழியே பிறந்தது இது. முதலில் புற்றுநோய் மருந்து. முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது 1988இல். சுப்பாராவின் பெயரை நம் பள்ளிப் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இந்த மருந்து பார்வைக்கு ஃபோலிக் அமிலம் போலவே இருப்பதால் செல்கள் ஏமாந்து உள்ளே விட்டுவிடுகின்றன. ரத்தத்தில் மிஞ்சியதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும். ஆனால் செல்லுக்குள் போன மூலக்கூறின் மேல் ஒரு நொதி குளூட்டமேட் என்ற சிறு மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக வால் போலக் கோத்துக்கொண்டே போகிறது. வால் நீள நீள, அதனால் செல்சவ்வைத் தாண்டி வெளியே வர முடியாது. வாரக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடும். இந்த நீளவால் வடிவம், டி.என்.ஏ.வுக்குத் தேவையான பியூரின் என்ற மூலப்பொருள் தயாரிப்பின் ஒரு படியை அடைக்கிறது. அங்கே தேங்கும் பொருள், அடினோசின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. சிதையாத அடினோசின் செல்லுக்கு வெளியே கசிந்து, பக்கத்து நோயெதிர்ப்புச் செல்களின் ஏற்பிகளில் ஒட்டி, அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. வாரம் ஒரு நாள் போதுமாவதும், பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆவதும் இந்த வாலால்தான்.

தினமும் விழுங்கினால்? டி.என்.ஏ. ஓயாமல் தயாரிக்க வேண்டிய எலும்பு மஜ்ஜைக்கும் வாய், குடல் உறைக்கும் மூச்சுவிட நேரமே கிடைக்காது. முதலில் வாய்ப்புண், பிறகு வெள்ளணு சரிவு, காய்ச்சல், ரத்தக்கசிவு. அப்போது உடனடியாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே கொடுக்கும் மாற்றுமருந்து ஃபோலினிக் அமிலம். வீட்டிலிருக்கும் ஃபோலிக் அமில மாத்திரை அந்த வேலையைச் செய்யாது.

வழக்கமாக வாரத்துக்கு 7.5 முதல் 15 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 25 வரை போவார்கள். மாத்திரைகள் 2.5, 5, 7.5, 10 மி.கி. அளவுகளில் வருகின்றன. 15 மி.கி. என்றால் 2.5இல் ஆறு. அதே ஆறு, 10 மி.கி. அட்டையிலிருந்து என்றால் 60! ஆகவே வீட்டில் ஒரே அளவு அட்டைதான் இருக்க வேண்டும். கிழமையை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். மறந்தால் இரண்டு நாளுக்குள் போடலாம்; தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக்க வேண்டாம். "வாரம் ஒருமுறை" என்று அட்டையிலேயே தமிழில் பெரிதாக அச்சிடாதது எனக்குப் பொறுக்கவில்லை.

வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம் 5 மி.கி. போடச் சொல்வார்கள். அது மருந்தை முறித்துவிடுமோ என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். முறிக்காது; குமட்டலும் கல்லீரல் நொதி ஏற்றமும் குறையும்.

தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல் நொதி, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின், ஹெப்படைட்டிஸ் பி, சி, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிறகு முதல் 3 மாதம் 2–4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அப்புறம் 8–12 வாரத்துக்கு ஒருமுறை. கத்திரி வெயிலில் வாந்தி பேதி கண்டு உடல் வற்றினால் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றாது. அந்த வார மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் ஃபோலிக் அமிலப் பாதையையே அடைப்பதால், இதோடு சேரவே கூடாது. மது கல்லீரலைக் கெடுக்கும். கருத்தரிக்க நினைப்பவர்கள் 3 மாதம் முன்பே, டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அடுத்த மாத்திரைக்குக் காத்திராமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.