காவலா, பிணையமா, நிச்சயமா? மாசிடோனிய மொழிபெயர்ப்பில் ‘செக்யூரிட்டி’ படுத்தும் பாடு

சில வருடங்களுக்கு முன் ஒரு கடன் ஒப்பந்தம் சரிபார்ப்புக்காக என்னிடம் வந்தது. மூலம், தென்கிழக்கு ஐரோப்பாவில் உள்ள வடமாசிடோனியா நாட்டில் பேசப்படும் மாசிடோனிய மொழி. மென்பொருளில் போட்டு ஆங்கிலமாக்கி, மேலோட்டமாகத் திருத்தி அனுப்பியிருந்தார்கள். நடுவில் ஒரு பிரிவின் தலைப்பு ‘செக்யூரிட்டி எக்யுப்மென்ட்’. கேமரா, அலாரம் என்று ஏதாவது வரும் என நினைத்து அடுத்த வரிக்குப் போனால், உறுதிமொழிச் சீட்டுகளும் ஒரு வீட்டின் மேல் அடமானமும் இருக்கின்றன!

மூலத்தில் இருந்தது ‘ஸ்ரெட்ஸ்த்வா ஸா ஒபெஸ்பெடுவாஞே’. கடனுக்கு ஈடாகக் கொடுப்பவை, அதாவது பிணையம். ‘ஸ்ரெட்ஸ்த்வா’ என்ற சொல் வழிவகை, பணம், சாதனம் எல்லாவற்றுக்கும் வரும். ‘ஒபெஸ்பெடுவாஞே’ கடனுக்கான பிணையத்துக்கும் வரும், கட்டட வாசலில் நிற்கும் காவலுக்கும் வரும். மென்பொருள் இரண்டு இடத்திலும் தப்பானதைப் பிடித்துக்கொண்டது. சரி, அது இயந்திரம். திருத்தியவர் தலைப்புக்குக் கீழே ஒரு வரி படித்திருந்தால் போதும்.

இதே சொல்லுக்கு மூன்றாவது முகமும் உண்டு: ஏற்பாடு செய்து தருவது. ‘மருந்து ஒபெஸ்பெடுவாஞே’ என்றால் மருந்துக்குக் காவல் போடுவதல்ல, மருந்து கிடைக்கச் செய்வது.

வடமாசிடோனியாவிலிருந்து வரும் ஆவணங்களில் ‘செக்யூரிட்டி’க்கு இணையாக அதிகம் புழங்குபவை வேறு இரண்டு சொற்கள். ஒன்று ‘பெஸ்பெட்னோஸ்த்’. ‘பெஸ்’ என்றால் இல்லாமல், ‘பெடா’ என்றால் துன்பம். துன்பம் இல்லாத நிலை. இன்னொன்று ‘சிகுர்னோஸ்த்’. இதன் வேர் லத்தீன். கவலையில்லாதவன் என்று பொருள்படும் ‘செக்யூருஸ்’ என்ற அதே சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘செக்யூர்’, ‘ஷ்யூர்’ இரண்டும் வந்தன. ஆக, ‘சிகுர்னோஸ்த்’ ஆங்கிலச் சொல்லுக்குப் பங்காளி முறை. பங்காளி என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சிகுரென் சும்’ என்று ஒருவர் சொன்னால் ‘எனக்கு நிச்சயமாகத் தெரியும்’ என்கிறார், பத்திரமாக இருக்கிறேன் என்பதல்ல. ‘பிராவ்னா சிகுர்னோஸ்த்’ என்பது சட்டம் எப்படிப் பொருந்தும் என்பதைக் குடிமகன் முன்கூட்டியே அறிய முடிகிற உறுதி. ஆங்கிலத்தில் அதற்கு ‘லீகல் சர்ட்டன்டி’. ‘லீகல் செக்யூரிட்டி’ என்று எழுதிய தீர்ப்பு நகல்களை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

அப்படியென்றால் பெஸ்பெட்னோஸ்த் பாதுகாப்பு, சிகுர்னோஸ்த் நிச்சயம் என்று பிரித்துக்கொள்ளலாமா? முடியாது. ஐ.நா. பாதுகாப்பு அவை அங்கே ‘சோவெத் ஸா பெஸ்பெட்னோஸ்த்’. சரிதான். (குரோவாசிய மொழியில் அதே அவைக்கு சிகுர்னோஸ்த் என்ற சொல்தான், அதனால் அந்த மொழி வழியாக மாசிடோனியத்துக்கு வருபவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்.) ஆனால் கதிர்வீச்சிலிருந்து மக்களைக் காக்கும் அரசு அமைப்பின் பெயர் ‘திரெக்ட்சியா ஸா ராடியாட்சியோனா சிகுர்னோஸ்த்’. ஆங்கிலப் பெயரில் அது ‘சேஃப்டி’. உணவுக்கு வந்தால் ‘பெஸ்பெட்னோஸ்த் நா ஹ்ரானா’, அதுவும் ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’தான். விமானத்துறைக்கு விபத்தும் வேண்டாம், கடத்தலும் வேண்டாம், இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கவும் முடியாது. அதனால் விபத்தைத் தவிர்ப்பதற்கு பெஸ்பெட்னோஸ்த், வேண்டுமென்றே செய்யும் கேட்டைத் தடுப்பதற்கு ஒபெஸ்பெடுவாஞே என்று பிரித்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. பசி போக்க தானியம் வழங்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தமிழில் ‘தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம்’. ஹோட்டலில் கெட்டுப்போன கறியைப் பிடிக்க வருபவரும் ‘உணவுப் பாதுகாப்பு அலுவலர்’தான். ஆங்கிலத்தில் முன்னது ‘செக்யூரிட்டி’, பின்னது ‘சேஃப்டி’. நமக்கு இரண்டும் ஒன்று. ‘பத்திரமாப் போயிட்டு வா’ என்பதிலும் பத்திரம், வீட்டுப் பத்திரத்திலும் பத்திரம். தமிழ் தெரியாத மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதைக் கண்டு எப்படி முழிப்பாரோ, அப்படித்தான் நானும் ஆரம்பத்தில் முழித்தேன்.

பங்குச்சந்தையில் ‘செக்யூரிட்டீஸ்’ என்று பன்மையில் வந்தால் மேற்சொன்ன எதுவும் ஒட்டாது. ‘ஹார்த்தீ ஓத் வ்ரெட்னோஸ்த்’ என்பார்கள், மதிப்புள்ள தாள்கள் என்று பொருள். ‘ஒசிகுருவாஞே’ என்றால் காப்பீடு. ‘ஒசிகுராச்’ வந்தால் காப்பீட்டுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அது மின்சார ஃபியூஸ்.

ஆவணத்தை மொழிபெயர்க்கக் கொடுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தலைப்பையும் ஒற்றை வரியையும் மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள், முழுப் பக்கமும் வேண்டும். எது, எதிலிருந்து காக்கப்படுகிறது என்பது கீழே எங்கோதான் இருக்கும். அது தெரிந்துவிட்டால் சொல் தானாக அகப்படும்.

வேலை தேடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வடமாசிடோனியா 2020 மார்ச்சில் நேட்டோ என்ற இராணுவக் கூட்டணியில் சேர்ந்த நாடு. இரகசிய ஆவணங்களைக் கையாள அங்கே அரசு தரும் அனுமதியின் பெயர் ‘பெஸ்பெட்னோசென் செர்திஃபிகாத்’. ஒருவர் தன் விவரக் குறிப்பில் இதை ‘செக்யூரிட்டி சர்டிஃபிகேட்’ என்று அப்படியே போட்டுவிட்டார். ஏதோ கணினிப் பாதுகாப்புப் படிப்பு முடித்தவர் என்று நினைத்த நிறுவனம், நேர்முகத்தில் ஃபயர்வால் பற்றிக் கேட்டிருக்கிறது. பாவம், அவர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவர். திருத்தத்துக்கு என்னிடம் வந்தபோது ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ என்று மாற்றி, எந்த அமைப்பு கொடுத்தது, எந்த நிலை இரகசியம் வரைக்கும் செல்லும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.