ஆடிக் காற்றில் எது பறக்கும்?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அம்மி பறக்காது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், நாலு விரற்கடை உயரமுள்ள கருங்கல் அம்மி சுமார் ஐம்பது கிலோ இருக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று அதன் பக்கவாட்டில் மோதினால், தள்ளும் விசை மூன்று கிலோ எடைக்குச் சமம். தரையோடு இருக்கும் உராய்வை மீறி அதை நகர்த்தவே இருபது, இருபத்தைந்து கிலோவாவது வேண்டும். அதற்குக் காற்று 300 கி.மீ. வேகத்தைத் தொட வேண்டியிருக்கும். அம்மியை விடுங்கள், அதே காற்றில் பல டன் எடையுள்ள காலி லாரி தடுமாறுகிறதே, அது ஏன்?

காற்று எடையைப் பார்த்துத் தள்ளுவதில்லை, பரப்பைப் பார்த்துத் தள்ளுகிறது. 50 கி.மீ. வேகக் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தருகிறது. வேகம் 100 ஆனால் அழுத்தம் 24 ஆகாது, 47 ஆகிவிடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. நாற்பதடி கண்டெய்னரின் பக்கச் சுவர் 12 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல் உயரம், அதாவது ஏறத்தாழ 32 சதுர மீட்டர். 100 கி.மீ. காற்றில் அந்தச் சுவர் மீது ஒன்றரை டன் தள்ளுவிசை விழுகிறது. சரக்கோடு இருந்தால் அந்தப் பெட்டி முப்பது டன் வரை இருக்கும். காலியாக இருந்தால் நாலு டன்கூட இல்லை. தள்ளும் விசை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதோடு இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. லாரி சும்மா நிற்பதில்லை, ஓடுகிறது. லாரி 60 கி.மீ. வேகத்தில் போக, பக்கவாட்டில் 60 கி.மீ. காற்று வீசினால், வண்டி உணரும் காற்று சாய்வாக 85 கி.மீ. வேகத்தில் வருகிறது. அப்புறம், பக்கச் சுவரில் முட்டிய காற்று கூரையைத் தாண்டும்போது வேகம் பிடிக்கிறது. அங்கே அழுத்தம் குறைந்து கூரை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. சக்கரங்கள் சாலையில் அழுந்தும் பாரம் குறைகிறது. ஒரு பக்கம் தள்ளல், மேலிருந்து இழுப்பு, நடுவே சாலையின் வளைவு. காற்று நாளில் வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். காற்றை நம்மால் குறைக்க முடியாது, நம் பங்கைக் குறைக்கலாம்.

இருந்தாலும் ஒரே சீராக வீசும் காற்றை ஓட்டுநர்கள் எளிதில் சமாளித்து விடுகிறார்கள். ஸ்டியரிங்கைக் காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் பிடித்தபடியே பல கிலோமீட்டர் போய்விடலாம். ஆளைக் கவிழ்ப்பது காற்றின் வேகம் அல்ல, அந்த வேகம் மாறும் விதம்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வட்டாரத்தில் பைக் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை எங்கெல்லாம் இடைவெளி விடுகிறதோ, அதாவது பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்களில், மலையில் தடைபட்ட காற்றெல்லாம் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்பதும் அதே காரணத்தால்தான். கன்னியாகுமரியிலிருந்து நெல்லை நோக்கி நான்குவழிச் சாலையில் வடக்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று இடப்பக்கமிருந்து, மேற்கிலிருந்து வருகிறது. உங்களை அறியாமலே உடம்பும் பைக்கும் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். காற்று வலப்பக்கம் தள்ள, சாய்வு இடப்பக்கம் இழுக்க, வண்டி நேராகப் போகிறது.

முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி. வலப்பக்கமாக அதை முந்துகிறீர்கள். லாரியின் பின்புறத்தைத் தாண்டி அதன் பக்கத்துக்கு வந்ததும் காற்று சட்டென்று நின்றுவிடும். ஆனால் நீங்கள் இன்னும் இடப்பக்கம் சாய்ந்தபடிதான் இருக்கிறீர்கள். தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் பைக் லாரியை நோக்கி நகர்கிறது. சுதாரித்து நேராக்குகிறீர்கள். அதற்குள் லாரியின் முன்முனை வந்துவிடும். அந்த மூலையைச் சுற்றி வரும் காற்று திறந்தவெளிக் காற்றைவிடக் கூடுதல் வேகத்தோடு இருக்கும். சாய்வே இல்லாமல் நிமிர்ந்திருக்கும் உங்களை அது வலப்பக்கம், சென்டர் மீடியனை நோக்கித் தள்ளும். இரண்டு தடுமாற்றமும் ஓரிரு நொடிகளுக்குள் முடிந்துவிடுகிறது. காற்று வழி முழுக்க அதே வேகத்தில்தான் வீசிக்கொண்டிருந்தது.

காரில் போகிறவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முன்பக்கம் தாழ்ந்து வழவழப்பாக இருக்கும் இன்றைய கார்களில், பக்கக் காற்றின் விசை ஒன்றுசேரும் இடம் காரின் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் அமைகிறது. அதனால் காற்று மோதியதும் காரின் மூக்கு காற்றுக்கு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். விமானத்தில் இது நேர் எதிர். பின்னால் செங்குத்தாக நிற்கும் வால் காற்றை வாங்கிக்கொள்வதால், தரையில் ஓடும் விமானத்தின் மூக்கு காற்று வரும் திசையை நோக்கியே திரும்பும்.

ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது என்பதால் அங்கே கேள்வி ஒன்றுதான்: கவிழுமா, கவிழாதா? 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. வேகம் 58 கி.மீ.-ஐத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 58 கி.மீ. காற்று ஒரு ரயில் பெட்டியின் பக்கத்தில் சுமார் ஒரு டன் விசை தரும். நாற்பது டன் பெட்டியைக் கவிழ்க்க அது எந்த மூலைக்கு? அப்படியானால் ஏன் இவ்வளவு எச்சரிக்கை? இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலத்தை 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து கடக்க எட்டு நிமிடம் பிடிக்கும். அந்த எட்டு நிமிடத்துக்குள் 100 கி.மீ. வீச்சு ஒன்று வந்தால் விசை மூன்று மடங்காகிவிடும். 2007 வரை அது மீட்டர் கேஜ் பாதை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்தான் இடைவெளி. அகலப் பாதையில் 1.676 மீட்டர். கால் அகட்டி நிற்க இடம் குறைந்தால் கவிழ்வது சுலபம். (1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலைக் கொண்டுபோனதைக் காற்றின் கணக்கில் சேர்க்கிறார்கள் பலர். அது புயலோடு எழுந்த கடல் அலையின் வேலை.)

காற்றே ரயிலைத் தள்ளிவிட்ட கதை ஜப்பானில் நடந்தது. அங்கே அமருபே என்ற ஊரில் 41 மீட்டர் உயர இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. 1986 டிசம்பர் 28 அன்று அதன் மேல் போன, பயணிகள் இல்லாத ரயிலின் பெட்டிகளைக் காற்று அப்படியே கீழே தள்ளியது. கீழே இருந்த நண்டு பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் நடத்துநரும் என ஆறு பேர் இறந்தார்கள். காலிப் பெட்டி, உயரமான திறந்தவெளி, கடற்காற்று என்று எல்லாம் ஒன்றுகூடிய நாள் அது. இப்போது அங்கே காற்றுத் தடுப்புச் சுவரோடு கான்கிரீட் பாலம் நிற்கிறது.

சரி, விமானத்துக்கு வருவோம். பலர் நினைப்பதற்கு மாறாக, உயரே பறக்கும் விமானத்துக்குச் சீரான காற்று ஒரு பொருட்டே இல்லை. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஓடும் மேல்வானக் காற்றுக்குள் விமானம் போகும்போது, அந்தக் காற்றோடு சேர்ந்தே அதுவும் நகர்கிறது. தட்டில் இருக்கும் காபி அசையாது. சென்னையிலிருந்து போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறுபடும், அவ்வளவுதான். சிக்கல் தொடங்குவது தரை கிட்டே வரும்போது.

தரையில் எதிர்க்காற்று நல்லது. பறக்க 260 கி.மீ. வேகம் வேண்டும் என்றால், 40 கி.மீ. எதிர்க்காற்று இருக்கும்போது ஓடுபாதையில் 220 போதும். அதனால்தான் காற்றின் போக்கைப் பார்த்து ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து ஏறுவது, எதில் இறங்குவது என்று மாற்றுகிறார்கள். சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி என்று அதற்குப் பொருள். கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும்போது 07. மேற்குக் காற்றுக்கு 25.

பக்கக் காற்று வந்தால்தான் வித்தை. இறங்கும் விமானம் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு, ஓடுபாதைக்குச் சாய்வாக நண்டு நடை போட்டு வரும். ஏர்பஸ் ஏ320 இறங்கும்போது வேகம் சுமார் 250 கி.மீ. சோதனையில் அது சமாளித்துக் காட்டிய பக்கக் காற்று 33 நாட், அதாவது 61 கி.மீ.; வீச்சோடு சேர்த்தால் 38 நாட். அவ்வளவு காற்றில் மூக்கு 14 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். விமானி தன் முன்கண்ணாடி வழியே ஓடுபாதையை நேராகப் பார்க்க முடியாது, ஓரமாகத்தான் பார்ப்பார். சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் காலால் சுக்கானை மிதித்து மூக்கை ஓடுபாதைக்கு நேராக்க வேண்டும். அப்படித் திரும்பும்போது காற்றுப் பக்க இறக்கை அதிகத் தூக்குவிசை பெற்று மேலே எழும்பும். அதை அடக்கக் கையால் அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். அளவுக்கு மேல் சாய்த்தால் இறக்கை முனை தரையில் உரசும். சீக்கிரமே நேராக்கிவிட்டால் காற்று விமானத்தை ஓடுபாதையை விட்டு ஒதுக்கிவிடும். மழையில் பாதை நனைந்திருந்தால் டயரின் பிடிப்பும் குறையும், அதனால் அனுமதிக்கும் பக்கக் காற்றின் அளவையும் குறைத்துவிடுவார்கள்.

2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில் புயல் நாளில் இறங்கிய ஓர் ஏ320-இன் இடது இறக்கை முனை ஓடுபாதையில் உரசியது. விமானி உடனே மேலே ஏற்றிவிட்டார், யாருக்கும் காயமில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது சென்னையில் ஒரு விமானம் தரையை நெருங்கித் தள்ளாடி, மறுபடி எழும்பிப் போன காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்ப்பவருக்குப் பதறும். ஆனால் இறங்காமல் மேலே போவது விமானிகள் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகிய வேலை. என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது அந்தக் காற்றுக்கு அல்ல. பக்கக் காற்றாவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

முன்னறிவிப்பில்லாமல் வருவது வேறொன்று. இடிமேகத்துக்குக் கீழே மழைத்துளிகள் ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிர வைக்கின்றன. குளிர்ந்த காற்று கனமாகி, மொத்தமாகக் கீழே விழுந்து, தரையில் மோதி எல்லாத் திசையிலும் பரவுகிறது. அகலம் நாலு கிலோமீட்டருக்குள், ஆயுள் சில நிமிடங்கள். இதை அடையாளம் கண்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த டெட்சுயா புஜிட்டா. அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் இளம் வயதில் நேரில் ஆராய்ந்தவர். நடுவிலிருந்து வெளிப்புறமாக மரங்கள் சாய்ந்திருந்த அமைப்பை அங்கே பார்த்திருந்தார். பிறகு 1974-ல் அமெரிக்கச் சூறாவளிச் சேதங்களை விமானத்திலிருந்து பார்த்தபோது சில இடங்களில் அதே அமைப்பு தெரிந்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் ஈஸ்டர்ன் 66 விமானம் விழுந்து 113 பேர் இறந்தபோது, காரணம் இந்தக் காற்றுதான் என்று சொன்னார். பல ஆய்வாளர்கள் முதலில் நம்பவில்லை.

இதன் சூழ்ச்சி என்னவென்றால், முதலில் உதவி செய்வதுபோல் வரும். 250 கி.மீ. வேகத்தில் இறங்கும் விமானம் முதலில் 40 கி.மீ. எதிர்க்காற்றைச் சந்திக்கிறது. தூக்குவிசை கூடி விமானம் மேலே எழும்ப, விமானி எஞ்சின் வேகத்தைக் குறைக்கிறார். தரையைப் பொறுத்த வேகம் 210 ஆகிறது. நடுவில் மேலிருந்து கீழ்நோக்கி ஓர் அமுக்கு. அதைத் தாண்டியதும் எதிர்க்காற்று 40 கி.மீ. பின்காற்றாக மாறுகிறது. நூறு டன்னுக்கு மேலான விமானங்கள்கூட உண்டு, அவ்வளவு எடை நொடியில் வேகம் பிடிக்காது. இறக்கை மேல் ஓடும் காற்று இப்போது 170 கி.மீ.தான். தூக்குவிசை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸில் டெல்டா 191 இப்படித்தான் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதி, 137 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் பயணிகள் விமானங்களில் இதைக் கண்டறியும் கருவி கட்டாயமானது. மழைத்துளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்க்கும் டாப்ளர் ரேடார்களும் விமான நிலையங்களுக்கு வந்தன. எச்சரிக்கைக் குரல் கேட்டதும் விமானி எஞ்சினை முழு விசைக்குத் தள்ளி மூக்கைத் தூக்குவார். ஆனால் சக்கரங்களை மடக்கமாட்டார். மடக்கினால் காற்றின் இழுவை குறைந்து விமானம் சீக்கிரம் ஏறும் என்று தோன்றும். ஆனால் மடக்குவதற்கு முதலில் சக்கர அறையின் கதவுகள் திறக்க வேண்டும். திறந்திருக்கும் அந்தச் சில நொடிகளில் இழுவை இன்னும் கூடிவிடும். அதனால் காற்றை விட்டு வெளியே வரும் வரை சக்கரங்கள் கீழேயே தொங்கிக்கொண்டிருக்கும்.