முன்னேற்பாடா, முன்னெச்சரிக்கையா?

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வுகளைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை அண்மையில் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. அதில் ‘எமர்ஜென்சி பிரிப்பேர்ட்னஸ்’ என்னும் தொடர் வந்த இடமெல்லாம் ‘அவசரநிலை முன்னெச்சரிக்கை’ என்றே இருந்தது. ‘அவசரகால முன்னேற்பாடு’ என்று இருக்க வேண்டிய இடம் அது. நாளிதழ்களில் நெடுங்காலமாகக் கண்டு சலித்த பிழைதான் இது. ஒரே கட்டுரையில் இத்தனை முறை கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘அவசரநிலை’ என்பதை முதலில் தள்ளிவிடலாம். அது 1975 ஜூன் மாதத்தையும் மிசாச் சட்டத்தையும் நினைவூட்டும் சொல். வெள்ளத்துக்கும் தீக்கும் ‘அவசரகாலம்’ போதும்.

பிரிப்பேர்ட்னஸ் என்பதன் வேர் இலத்தீன்: ‘பிரே’ என்றால் முன், ‘பராரே’ என்றால் ஆக்கிவைத்தல். முன்னரே செய்து முடித்ததனால் உண்டான நிலையையே ஆங்கிலச் சொல் குறிக்கிறது. எச்சரிக்கையோ வாயால் சொல்வது. மன்னர் வரும்போது கட்டியக்காரன் கூறியது எச்சரிக்கை. தெலுங்கிலும் கன்னடத்திலும் இச்சொல் இதே பொருளில் வழங்குகிறது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டும் எச்சரிக்கையே. ஆனால் கரையோரத்தில் அடுக்கிய மணல் மூட்டைகளும், பள்ளிக்கூடத்தில் இறக்கிய அரிசியும், மரம் அறுக்கும் இயந்திரமும் எச்சரிக்கைகள் அல்ல. அவற்றையும் ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவது செய்தி எழுதுவோரின் பழக்கமாகிவிட்டது.

எச்சரிக்கையும் முன்னேற்பாடும் ஒன்றல்ல என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2004 ஜூலையில், ‘பாம்’ என்று பெயரிட்ட கற்பனைப் புயல் ஒன்று அந்நகரைத் தாக்கினால் என்ன ஆகும் என்று அதிகாரிகள் பேட்டன் ரூஜ் நகரில் ஐந்து நாள் ஒத்திகை நடத்தினர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கடல்நீர் ஏற்றக் கணிப்புகள் அதற்குப் பயன்பட்டன. அந்த ஒத்திகையிலிருந்து எழுந்த திட்டங்கள் முழுமை பெறுமுன்னரே கத்ரீனா என்னும் உண்மைப் புயல் வந்துவிட்டது. எச்சரிக்கையில் குறை இருந்ததாகச் சொல்ல முடியாது: 2005 ஆகஸ்ட் 28 அன்று, வட்டாரத்தின் பெரும்பகுதி பல வாரங்களுக்கு வாழத் தகுதியற்றதாகிவிடும் என்று வானிலை அலுவலகம் வெளிப்படையாகவே அறிவித்தது. மறுநாள் புயல் கரையைக் கடந்தது. நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. கார் இல்லாதவர்கள் பலர் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டிருக்க, அவர்களை ஏற்றிச் சென்றிருக்கக்கூடிய மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள் நிறுத்திய இடத்திலேயே, வரிசை கலையாமல், மூழ்கிக் கிடந்தன. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. செய்துவைக்க வேண்டியதைச் செய்யவில்லை.

அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை உருவாக்கிய 2002ஆம் ஆண்டுச் சட்டமே பல்கலைக்கழக ஆய்வு மையங்களுக்கும் வழி செய்திருந்தது. அவ்வழியில் 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் அமைந்த மையத்தின் பெயரிலேயே ‘பிரிப்பேர்ட்னஸ்’ என்னும் சொல் இருந்தது. பேரழிவு நேரத்தில் மருத்துவமனைகள் எத்தனை பேரைத் தாங்கும் என்பது போன்ற கேள்விகளை ஆராய்ந்த இடத்தை ‘முன்னெச்சரிக்கை மையம்’ என்று எழுதினால், படிப்பவர் அதை வானிலை நிலையம் என்றே எண்ணுவார்.

‘தயார்நிலை’ என்பாரும் உளர். தயார் அரபு மூலமுடையது, ஆயத்தம் வடமொழி. அதற்காக மட்டும் நான் அவற்றை ஒதுக்கவில்லை. ‘மீட்புப் படையினர் தயார்நிலையில் உள்ளனர்’ என்றால் ஆட்கள் சீருடையோடு நிற்பது தெரிகிறது. அதற்கு முந்தைய மாதங்களின் கணக்கும் ஒத்திகையும் தெரியவில்லை. முன்னேற்பாடு அதைக் காட்டுகிறது. ‘ஏற்படு’ என்னும் வினை நீண்டு ‘ஏற்பாடு’ ஆனது. ‘முன்’ சேர்ந்ததும் இலத்தீன் வேரின் இரு பகுதிகளும் தமிழில் வந்துவிடுகின்றன. இது கல்யாண வீட்டுச் சொல் என்று நண்பர் ஒருவர் குறை சொன்னார். அதுவே இதன் வலிமை என்பேன். எத்தனை பந்தி, எத்தனை இலைக்கட்டு, மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவைப்பவருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

பிழை ஒன்றோடு நிற்பதுமில்லை. கட்டுரையின் பிற்பகுதியில் உண்மையான முன்னெச்சரிக்கைக் கருவிகளைப் பற்றிய பேச்சு வந்தது. உரிய சொல்லை வேறிடத்தில் செலவழித்துவிட்ட மொழிபெயர்ப்பாளர், அங்கே ‘எர்லி வார்னிங்’ என்னும் ஆங்கிலத்தை ‘ஆரம்ப எச்சரிக்கை’ என்று அப்படியே பெயர்த்து வைத்திருந்தார். ஆரம்பம் என்றால் நடு எச்சரிக்கை, இறுதி எச்சரிக்கை எங்கே என்று ஓரத்தில் குறித்துவிட்டு, ‘முன்னெச்சரிக்கை’யை அங்கே எழுதி, முன்பக்கங்களில் ‘அவசரகால முன்னேற்பாடு’ என்று திருத்தி அனுப்பினேன்.