உயரத்தை விடுங்கள், நொடியைப் பாருங்கள்: பவளப்பார் மேல் அலை உடையும் கதை

ஆடி அமாவாசைக்கு மதுரையிலிருந்து கடலாடக் கிளம்புகிறவர்களுக்கு ராமநாதபுரம் போனதும் இரண்டு வழி. வடக்கே திரும்பினால் தேவிபட்டினம். நவபாஷாணக் கற்களைச் சுற்றிக் கடல் அலையே இல்லாமல் கிடக்கும். பாட்டிமார்கூட பயமில்லாமல் இறங்குவார்கள். தெற்கே திருப்புல்லாணி வழியாகப் போனால் சேதுக்கரை. அங்கே அதே நாள், அதே நேரம், தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து காலை இழுக்கும். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. தை அமாவாசைக்குப் போய்ப் பாருங்கள், நிலைமை தலைகீழாக இருக்கும். தேவிபட்டினத்தில் வாடைக்காற்று கடலைக் கலக்கிவிட்டிருக்கும். தெற்குக் கரை சாதுவாக இருக்கும்.

காரணம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தேவிபட்டினம் பாக் விரிகுடாவில் இருக்கிறது. அதன் தெற்கு வாயை மண்டபமும் ராமேஸ்வரம் தீவும் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. தெற்கிலிருந்து வரும் பெரிய அலைக்கு உள்ளே நுழைய வழியே இல்லை. அங்கே அலை எழ வேண்டுமானால் அந்த விரிகுடாவின் மேலேயே காற்று அடிக்க வேண்டும். ஆடியில் நம் மதுரைத் தெருக்களில் புழுதி கிளப்பும் அந்தத் தென்மேற்குக் காற்று, கடற்கரையில் கச்சான் என்ற பெயரோடு, நிலத்திலிருந்து பாக் விரிகுடாவை நோக்கிப் போகிறது. கரையோரத் தண்ணீரில் அலை எழுப்ப அதற்குப் போதிய தூரம் கிடைப்பதில்லை. சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. அந்த வளைகுடா தெற்கே அகலத் திறந்து கிடக்கிறது. கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் நடுவே வெளியேறித் தெற்கே போனால், அண்டார்டிகா வரை பெரிய நிலம் எதுவும் குறுக்கே வராது.

அந்தத் திறந்த வாசல் வழியாக என்ன வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கடலில் நாம் பார்க்கும் அலைகள் இரண்டு வகை. ஒன்று, உள்ளூர்க் காற்று இன்றைக்கு எழுப்பியது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே நான்கு முதல் ஏழு நொடி இருக்கும். குட்டையாக, கலைந்து, எல்லாப் பக்கமும் முட்டிக்கொண்டு வரும். காற்று நின்றால் அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மற்றொன்று தூரத்து அலை. தெற்கு அட்சரேகை 40, 50 பாகைகளில் ஆண்டு முழுக்கப் புயல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அங்கே நாள்கணக்கில் அடிக்கும் காற்று தண்ணீருக்குக் கொடுத்த ஆற்றல், புயல் ஓய்ந்த பிறகும் கடலுக்குள் பயணம் செய்கிறது. இதன் இடைவெளி 12 நொடியிலிருந்து 20 நொடி வரை போகும்.

இந்த நொடிக் கணக்குக்குள் அலையைப் பற்றிய எல்லாமே அடங்கியிருக்கிறது. ஆழ்கடலில் ஓர் அலையின் நீளம் மீட்டரில் எவ்வளவு என்று அறிய, நொடியின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் போதும். 5 நொடி அலையின் நீளம் சுமார் 39 மீட்டர். 18 நொடி அலைக்கு 500 மீட்டருக்கு மேல். வேகமும் நொடியைப் பொறுத்ததே. 18 நொடி அலையின் முகடு மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்த அலைக்கூட்டம் சுமந்துவரும் ஆற்றல் அதில் பாதி வேகத்தில், மணிக்கு 50 கிலோமீட்டரில், நகரும். தெற்கே ஆறாயிரம் கிலோமீட்டர் தொலைவில் எழுந்த புயலின் அலை, நம் கரைக்கு ஏறக்குறைய ஐந்து நாளில் வந்து சேரும். ஆகவே சேதுக்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலில் படுகிற தண்ணீரை அசைத்தது, போன செவ்வாய்க்கிழமை யாரும் பார்க்காத ஒரு கடலில் அடித்த காற்றாக இருக்கலாம்.

நீண்ட அலை வேகமாக ஓடுவதால் அதுதான் முதலில் வரும். அதே ஆறாயிரம் கிலோமீட்டரைக் கடக்க 20 நொடி அலைக்கு நாலரை நாள் போதும். 14 நொடி அலைக்கு ஆறு நாளுக்கு மேல் ஆகும். கரையில் ஒரு மிதவைக் கருவியை வைத்துக் கவனித்தால், முதல் நாள் 20 நொடி, பிறகு 18, பிறகு 16 என்று இடைவெளி குறைந்துகொண்டே வருவதைக் காணலாம். அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதிலிருந்து புயல் எவ்வளவு தூரத்தில் எழுந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். வால்டர் மங்க் என்ற கடலியலாளர் இதைத்தான் செய்துகாட்டினார். இரண்டாம் உலகப் போரில் படைகள் கரையிறங்குவதற்கு அலை முன்கணிப்பு முறையை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். பின்னர் 1963 ஆம் ஆண்டில் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை வரிசையாகக் கருவிகளை வைத்து, தென் துருவக் கடலில் பிறந்த அலைகள் பசிபிக் முழுவதையும் தாண்டி வடகோடி வரை போவதைப் பதிவு செய்தது அவர் குழு. வழியில் அவை இழந்த ஆற்றல் மிகக் கொஞ்சம். எனக்கு இந்த ஆய்வு எப்போது நினைத்தாலும் வியப்பு.

இனி, இந்த நீண்ட அலை நம் கரைக்கு வந்ததும் என்ன ஆகிறது என்று பார்ப்போம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே கரையோரமாக 21 தீவுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். கடலோரத்தில் இவற்றைப் பார் என்பார்கள். முத்துக் குளித்த காலத்திலிருந்து புழங்கும் சொல். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே சில அடியிலேயே பார் கிடக்கும். வள்ளத்தில் போகிறவர்கள் அதைத் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டுவிடுவார்கள். சுற்றிலும் கடல் பச்சையாக இருக்க, ஓர் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு ஒன்று தோன்றும், மறையும், மறுபடி அதே இடத்தில் தோன்றும்.

அந்தக் கோடு ஏன் அங்கேயே விழுகிறது? அலை போகும்போது தண்ணீர் அலையோடு சேர்ந்து ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே வட்டமிடுகிறது. அந்த வட்டச் சுழற்சி, அலை நீளத்தில் பாதி ஆழம் வரை இறங்கும். 5 நொடி அலை 20 மீட்டர் ஆழத்துக்குக் கீழே தரையை உணராது. 18 நொடி அலையோ 250 மீட்டர் ஆழத்திலேயே தரையைத் தொட்டுவிடும். தொட்டது முதல் வேகம் குறையும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிக் குறுகலில் முன்னே போகிறவர் தயங்க, பின்னே வருகிறவர் நெருக்க, கூட்டம் அடர்ந்து போகிறதல்லவா, அலையும் அப்படித்தான் நெருங்குகிறது. இரண்டு மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்தான். ஐந்நூறு மீட்டர் நீளத்தில் பரவிக் கிடந்த ஆற்றல் எண்பது மீட்டருக்குள் திணிக்கப்படுகிறது. போக வேறு வழியில்லாமல் தண்ணீர் மேலே எழும்புகிறது.

எவ்வளவு எழும்பும் என்பதில்தான் நொடியின் முக்கியத்துவம் தெரிகிறது. ஆழ்கடலில் ஒரு மீட்டர் உயரமுள்ள 6 நொடி அலை, பாரை நெருங்கும்போது ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கும். அதே ஒரு மீட்டர் உயரமுள்ள 18 நொடி அலை ஒன்றரை மடங்குக்கு மேல் வளர்ந்துவிடும். சுமந்துவரும் ஆற்றலும் மூன்று மடங்கு. தண்ணீரின் ஆழம் அலை உயரத்தைப் போல சுமார் 1.3 மடங்காகக் குறையும்போது அலை நிற்க முடியாமல் உடைகிறது. மணல் கடற்கரையில் சரிவு மெதுவாக இருப்பதால் அலை நுரை நுரையாகச் சரிந்து கரையும். பாரில் ஆழம் திடீரென்று குறைவதால் முகடு முன்னே பாய்ந்து, வளைந்து, உள்ளே குழல்விட்டு விழும். மணல் ஒவ்வொரு பருவத்திலும் இடம் மாறும், பார் மாறாது. அதனால்தான் உலகெங்கும் அலைச்சறுக்கு வீரர்கள் பார்களைத் தேடிப் போகிறார்கள். எந்த நொடியில், எந்தத் திசையிலிருந்து அலை வந்தால் அந்தப் பாரில் எப்படி உடையும் என்பதைப் பழகிவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் 21 தீவுகளும் 1986 இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்கவோ பாரில் நடக்கவோ கூடாது. அலைச்சறுக்கு கற்க ஆசையுள்ளவர்கள் மணப்பாடு போன்ற மணல் கரைகளுக்குப் போகட்டும்.

பாரில் உடைந்த அலை அதோடு முடிவதில்லை. ஒவ்வொரு அலையும் ஒரு பங்கு தண்ணீரைப் பாருக்கு மேலே தள்ளிவிடுகிறது. உள்ளே சேர்ந்த தண்ணீர் வெளியேற, பாரின் இடைவெளிகளையும் தீவுகளுக்கு நடுவே உள்ள வாய்களையும் தேடி ஓடுகிறது. அங்கே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பலமாக இருக்கும். நீந்தத் தெரிந்தவரையும் வெளியே கொண்டுபோய்விடும். ஆனால் கரைக்குப் பார் செய்யும் நன்மை மிகப் பெரியது. உலகின் பல பார்களில் எடுத்த அளவீடுகளைத் திரட்டி 2014 இல் வெளியான ஆய்வு, பவளப்பாறைகள் சராசரியாக அலை ஆற்றலில் 97 சதவீதத்தைத் தடுத்துவிடுகின்றன என்று காட்டியது. கீழக்கரைக்கும் சேதுக்கரைக்கும் முன்னே நிற்பது அப்படிப்பட்ட அரண்தான்.

இந்த அரணுக்கு ஒரு பலவீனம் உண்டு: அதன் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், அதிகம். மன்னார் வளைகுடாவில் ஓத வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியே இருந்தாலும், அரை மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாருக்கு அதுவே பெரிய மாற்றம். வற்றத்தில் பாரிலேயே உடைந்திருக்க வேண்டிய அலை, ஏற்றத்தில் உடையாமல் அதைத் தாண்டிக் கரைக்கு வந்துவிடும். மக்கள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீரில் இறங்கும் நாளும், பாருக்கு மேல் தண்ணீர் அதிகம் நிற்கும் நாளும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. சேதுக்கரைக்குப் போகிறவர்கள் நல்ல நேரம் பார்ப்பதோடு ஓதம் ஏறும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

நம் தலைமுறைக்கு முன்பிருந்தே பாரை வெட்டிச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் எடுத்தார்கள். அந்த 21இல் தூத்துக்குடி பக்கம் விலாங்குச்சல்லி, கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவு தேய்ந்து துண்டாகிப் போனது. அதைக் காப்பாற்ற, கடல் பக்கமாகச் செயற்கைப் பார்களை இறக்க வேண்டிவந்தது. கடல் சூடேறும் ஆண்டுகளில் பவளம் வெளுக்கிறது. 2010 இலும் 2016 இலும் இங்கேயே நடந்தது. செத்த பவளம் பொடிந்து பார் தாழும். பார் தாழ்ந்தால் கரைக்கு வரும் அலை உயரும். கீழக்கரைக்காரர்களின் கவலை மட்டுமாக இதை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். நம் மதுரைச் சந்தைக்கு மீன் வருவதும் அந்தக் கரையிலிருந்துதான்.

வானிலையைப் பார்த்து மட்டும் கடலை நம்பக் கூடாது என்பதற்குக் கொடுமையான சான்று இருக்கிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அன்று நம் பக்கம் புயல் எதுவும் இல்லை. தெற்கே வெகு தொலைவில் பிறந்த நீண்ட அலைதான் வந்து மோதியது. இப்படிச் சொல்லாமல் வருவதைக் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். அறிவியலாளர்களும் அதே பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், செயற்கைக்கோள் அளவுகளையும் மிதவைக் கருவிகளையும் கணினி மாதிரிகளையும் வைத்து இதைச் சில நாள் முன்னதாகவே கணித்து எச்சரிக்கிறது. ஐந்து நாள் பயணம் செய்து வரும் அலையை முன்பே கண்டுபிடிக்க நேரம் இருக்கிறது. எச்சரிக்கை கரையில் நிற்பவர் காதுக்குப் போய்ச் சேருவதில்தான் சிக்கல்.

அந்த அறிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்வது கடினமில்லை. எடுத்துக்காட்டாக இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: அலை 1.2 மீட்டர், 17 நொடி, திசை 200 பாகை, காற்று மேற்கிலிருந்து 8 நாட். 1.2 மீட்டர் என்பது அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அதே நாளில் தனி ஓர் அலை அதைப்போல் இரண்டு மடங்கு வரலாம். 200 பாகை என்றால் தெற்கிலிருந்து சற்று மேற்காக, வளைகுடாவின் திறந்த வாசல் வழியாக நேரே வருகிறது. 8 நாட் என்பது மணிக்கு 15 கிலோமீட்டர், மென்மையான காற்று. கரையில் நிற்பவருக்குக் கடல் அமைதியாகத் தெரியும். ஆனால் 17 நொடி. கால்மணி நேரம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு நாலைந்து பெரிய அலைகள் தொடர்ந்து வரும் நாள் அது. நீளம் சற்றே வேறுபட்ட அலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது உயரமும், எதிரெதிராக அமையும்போது அமைதியும் மாறி மாறி வருகின்றன. இதே அறிக்கையில் 17க்குப் பதில் 6 நொடி என்றும் காற்று 20 நாட் என்றும் இருந்தால், கடல் பார்க்கப் பயமாக இருக்கும். வள்ளத்துக்கு அது கஷ்டம்தான். ஆனால் பாருக்குள் கரையோரம் அவ்வளவு தண்ணீர் ஏறாது.

கரைக்குப் போனபின் கைபேசிக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் அளக்கலாம். வெளியே மிதக்கும் ஒரு வலைமிதவையையோ நங்கூரமிட்ட வள்ளத்தையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு முகட்டில் ஏறும்போது நேரத்தைக் குறித்து, அதற்குப் பின் பத்து முறை ஏறும் வரை எண்ணி, மொத்த நொடியைப் பத்தால் வகுங்கள். பத்து முறையும் மொத்தம் அறுபது நொடிக்குள் முடிந்தால் உள்ளூர்க் காற்றின் அலை. நூற்றைம்பதைத் தாண்டினால் தென்கடலின் அலை வந்து சேர்ந்துவிட்டது. அன்றைக்குக் குழந்தைகளைத் தேவிபட்டினத்துக்கோ, உச்சிப்புளி பக்கம் அரியமான் கரைக்கோ கூட்டிப் போங்கள். சில இணையக் கணிப்புகள் கிரீன்விச் நேரத்தில் வரும், அவற்றோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.