ஒவெலியாஸ்: காழில் சுட்ட ஆடு

ஈஸ்டர் ஞாயிறன்று கிரேக்க ஊர்களில் முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் கோத்துத் தணல்மேல் சுழற்றிச் சுடுவார்கள். அந்த ஆட்டுக்குப் பெயர் ஒவெலியாஸ்.

பழங்கிரேக்கத்தில் 'ஒபெலோஸ்' என்பது இறைச்சி கோக்கும் கம்பி. 'ஒபெலியாஸ்' என்று முதலில் கம்பியில் சுட்ட ரொட்டியைத்தான் சொன்னார்கள். ஆட்டுக்கு அந்தப் பெயர் பின்னால் வந்தது. நாணயம் அச்சிடும் முன்பு இந்த இரும்புக் கம்பிகளே பணமாகவும் புழங்கின. 'ஒபோல்' என்ற காசின் பெயர் அதன் வழி வந்ததுதான். ஆறு ஒபோல் ஒரு திராக்மா. திராக்மா என்றால் ஒரு பிடி, அதாவது கைக்குள் அடங்கும் ஆறு கம்பி! ஆர்கோஸ் நகரின் பக்கத்து ஹீரா தேவி கோயிலில் கிடைத்த அத்தகைய கம்பிகளை ஏதென்ஸ் நாணய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 2002-இல் யூரோ நோட்டு வரும்வரை அந்த 'ஒரு பிடி'தான் நாட்டின் பணத்துக்குப் பெயர்.

இன்றைய பேச்சில் கம்பிக்குச் 'சூவ்லா' என்பார்கள். 'சின்னக் கம்பி' என்று பொருள்படும் அதன் சிறுமை வடிவம்தான் கடைகளில் விற்கும் சூவ்லாக்கி.

ஒவெலியாஸ் ஒரு வீட்டுச் சமையலாக அடங்காது. மத்திய கிரேக்கத்தின் லிவாதியாவில் தெருவுக்குத் தெரு நீளமாகக் குழி வெட்டி, உயிர்த்தெழுதல் வழிபாட்டில் ஏற்றிய மெழுகுவர்த்திச் சுடரால் விறகு மூட்டி, ஆடுகளை வரிசையாகச் சுடுகிறார்கள். வருகிறவர் யாரானாலும் இறைச்சியும் ஒயினும் உண்டு. குடல், ஈரல் எல்லாம் சனி நள்ளிரவிலேயே மயிரீத்சா என்ற சூப்பில் போயிருக்கும். ஏழு வார நோன்பை முறிப்பது அதுதான். தணலைச் சமமாகப் பரப்பக் கூடாது. தொடையும் தோளும் வரும் இரு முனைகளில் கூட்டிவைத்து, விலா மெலிந்த நடுவில் குறைத்துவிட வேண்டும். அப்புறம் நான்கைந்து மணி நேரம் ஆள் மாற்றி ஆள் சுற்றுவார்கள். இடையிடையே எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் தடவுவார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வறுத்த ஆடு' என்று எழுதுவது தவறு, வறுப்பது சட்டியில். 'சூட்டுக்கோல்' என்றால் மாட்டுக்குச் சூடு போடுகிற கம்பி நினைவுக்கு வரும். நம்மிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: காழ். 'காழின் சுட்ட கோழூன் கொழுங்குறை' என்கிறது பொருநராற்றுப்படை. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டு. எனவே ஒவெலியாஸைக் 'காழில் சுட்ட ஆடு' என்றே எழுதலாம். காழ் புரியாத இடத்தில் 'கம்பியில் சுட்ட ஆடு' போதும். 'சுட்ட' மட்டும் மாறக் கூடாது.