"பார்க்க நல்லாத்தானே இருக்கு?": கிளைடரில் கட்டாயம் மாற்ற வேண்டியவை

கிளைடர்களைப் பரிசோதித்து, பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. வருடாந்திரப் பரிசோதனைக்கு ஒரு கிளைடர் வந்தால் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும். "பார்க்க நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" கேட்பவர் கஞ்சர் இல்லை. பெரும்பாலும் தன் கிளைடரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவர்தான். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு பூச்சி ஒட்டியிருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. அவரிடம் போய் "இந்த சீட் பெல்ட்டுக்கு வயது முடிந்துவிட்டது, கழற்றிவிடலாம்" என்று சொன்னால் முகம் வாடிப்போகிறது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கெடு வைத்து மாற்றச் சொல்லியிருக்கும் பாகங்களின் பட்டியலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. பார்த்தால் தெரிகிற தேய்மானத்துக்குக் கெடு எதற்கு? டயருக்கு யாரும் கெடு வைப்பதில்லை.

ரிலீஸ் கொக்கியிலிருந்து ஆரம்பிக்கிறேன். சாதாரணக் கிளைடருக்கு எஞ்சின் இல்லை என்பதால், தரையில் நின்று கயிற்றைச் சுருட்டி இழுக்கும் விஞ்ச் இயந்திரமோ இழுவை விமானமோ கயிறு கட்டி மேலே கொண்டுபோக வேண்டும். அந்தக் கயிற்றின் நுனியில் இருக்கும் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொள்வது இந்தக் கொக்கி. பைலட் மஞ்சள் குமிழை இழுத்தால் வளையத்தை விட வேண்டும், இழுக்காதவரை விடக்கூடாது. விஞ்ச்சுக்கு வயிற்றுப் பகுதியில் பொருத்தும் கொக்கியில் இன்னொரு வேலையும் உண்டு. பைலட் இழுக்க மறந்து கிளைடர் விஞ்ச்சைத் தாண்டிப் போய்விட்டால், கயிறு பின்பக்கமாக இழுக்கும். அப்போது கொக்கி தானாகவே திறந்து கயிற்றை விட்டுவிட வேண்டும். இத்தனையையும் செய்வது உள்ளே இருக்கும் ஒரு நெம்புகோலும் சில ஸ்பிரிங்குகளும்தான்.

உலகில் பறக்கும் கிளைடர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஜெர்மனியின் டோஸ்ட் நிறுவனத்துக் கொக்கி. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பு 10,000 இயக்கங்கள், அதாவது அத்தனை தடவை திறந்து மூடுவது. ஒரு லாஞ்ச்சுக்கு, அதாவது ஒரு தடவை மேலே ஏற்றுவதற்கு, சராசரியாக ஐந்து இயக்கம் என்று வைத்து, 2,000 லாஞ்ச் என்று கணக்கிடுகிறார்கள். ஐந்தா என்று முதலில் எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. ஒரு நாள் மைதானத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். காலைச் சோதனையில் இரண்டு மூன்று தடவை, கயிறு மாட்டும்போது ஒரு தடவை, மேலே போய்க் கயிற்றை விடும்போது "போயிடுச்சா" என்று சந்தேகத்தில் இன்னும் இரண்டு தடவை. சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வரம்பு முடிந்த கொக்கியைத் தொழிற்சாலைக்கோ அவர்கள் அங்கீகரித்த பணிமனைக்கோ அனுப்ப வேண்டும். பிரித்து ஸ்பிரிங்குகளை மாற்றித் திருப்பி அனுப்புவார்கள். நாமே திறந்து எண்ணெய் விட்டு மூடுகிற சமாச்சாரம் இல்லை இது. உடைந்த ஸ்பிரிங் உள்ளே இருந்துகொண்டே கொக்கி வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். தரையில் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தோம், பத்துத் தடவையும் திறந்து மூடியது. மூடும்போது சத்தம் மட்டும் கொஞ்சம் மந்தமாக இருந்தது. அந்தக் கிளைடரின் லாக்புக்கில் (பறத்தல் பதிவேட்டில்) மணிக்கணக்கு துல்லியமாக இருந்தது, லாஞ்ச் எண்ணிக்கை மட்டும் எங்கும் கூட்டப்படவில்லை. உட்கார்ந்து கூட்டினால் 2,600ஐத் தாண்டியிருந்தது.

பயிற்சிக் கிளைடர்களில்தான் இது அதிகம் நடக்கும். ஒரு பறத்தல் ஐந்தாறு நிமிடம்தான், ஆனால் ஒரு நாளைக்கு முப்பது லாஞ்ச். மணிக்கணக்கைப் பார்த்தால் இளங்கன்று, கொக்கியைக் கேட்டால் கிழவன். சொந்தக் கிளைடர் வைத்திருப்பவருக்கு நேர் எதிர். வருடத்துக்கு நாற்பது லாஞ்ச், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். அவருடைய கொக்கி பிழைத்துக்கொள்ளும், கட்டுப்பாட்டு இணைப்புகள் தேயும். பிறகு ஷெட்டிலேயே கிடக்கும் கிளைடர் ஒன்று இருக்கும். அதற்கு மணியும் ஓடாது, லாஞ்ச்சும் ஏறாது, காலண்டர் மட்டும் ஓடும். ஆக, ஒரே கிளைடரில் மூன்று கடிகாரங்கள். எந்தப் பாகம் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது என்பது பராமரிப்புக் கையேட்டில் இருக்கிறது. இரண்டு வரம்புகள் கொடுத்திருந்தால் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

வீக் லிங்க்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கயிற்றில் வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்படும் உலோகத் துண்டு அது. இழுவை அளவுக்கு மீறினால் கிளைடரின் உடல் உடையாமல் இது உடைய வேண்டும். நிறம்தான் பலத்தைச் சொல்லும்: டோஸ்ட் வரிசையில் கறுப்பு சுமார் 1,000 கிலோ இழுவிசை, பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. உங்கள் கிளைடருக்கு எந்த நிறம் என்பது பறத்தல் கையேட்டில் இருக்கும். 200 லாஞ்ச்சுக்குப் பிறகு மாற்றிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் அளவு. திரும்பத் திரும்ப இழுபட்ட உலோகம் களைத்துப்போய், அளவுக்குள் இருக்கும் இழுவைக்கே அறுந்துவிடும், அதுவும் பெரும்பாலும் கிளைடர் செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில். அப்படி இரண்டு மூன்று தடவை அறுந்ததும் "சனியன், அடுத்த நிறத்தைப் போடு" என்று யாராவது சொல்வார்கள். இதைவிட மோசமான யோசனை கிடையாது. இரட்டைத் துண்டு போடும் வகையில் இன்னொரு தவறும் நடக்கிறது. ஒரு துண்டில் வட்டத் துளை, மாற்றாக நிற்கும் துண்டில் நீள்வட்டத் துளை. முதல் துண்டு அறுந்த பிறகுதான் இரண்டாவது சுமையை வாங்கும். கைக்குக் கிடைத்தது என்று இரண்டிலும் வட்டத் துளையைப் போட்டுவிட்டால் பலம் இரண்டு மடங்காகிவிடும். அதற்குப் பெயர் வீக் லிங்க் இல்லை.

அடுத்தது பெல்ட். அதிக வாக்குவாதம் நடப்பது இங்கேதான். கிளைடர் பெல்ட்டுகளின் நாடாவுக்குப் பல தயாரிப்பாளர்கள் 12 வருடம் என்று வரம்பு வைக்கிறார்கள். கணக்கு லேபிளில் அச்சிட்ட தேதியிலிருந்து. நீங்கள் மாட்டிய நாளிலிருந்து இல்லை. கண்ணாடி மூடிக்குக் கீழே மணிக்கணக்கில் வெயிலில் காயும் நாடா அது. புறஊதாக் கதிர் இழையை மெல்ல மெல்ல அரிக்கிறது, வியர்வை ஊறுகிறது, பக்கிள் இருக்கும் இடத்தில் ஒரே மடிப்பில் உராய்கிறது. வெளியே தெரிவது நிறம் கொஞ்சம் வெளுத்திருப்பது மட்டும்தான். ஐரோப்பியக் கட்டமைப்பு விதிகளின் இன்றைய பதிப்பில், விபத்துத் தரையிறக்கத்தில் முன்னோக்கி வரும் விசை புவியீர்ப்பைப் போல 15 மடங்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 80 கிலோ ஆள் அந்த நொடியில் 1,200 கிலோ. தினமும் உட்கார்ந்து இறுக்கிக்கொள்ளும்போது பெல்ட் தாங்குவது அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் "இத்தனை வருஷம் தாங்கிச்சே" என்பது வாதமே இல்லை. அது இதுவரை எதையும் தாங்கவே இல்லை.

லேபிள் கிழிந்து தேதி தெரியவில்லை என்றால்? எனக்கு அது வயது முடிந்த பெல்ட்தான். சிலருக்கு இது கடுமையாகத் தோன்றும். பரவாயில்லை.

பாராசூட்டிலும் இதே கதைதான். அதில் மடிக்கும் கெடுவும் ஆயுள் கெடுவும் தனித்தனி. அமெரிக்க விதிப்படி செயற்கை இழைப் பாராசூட்டைக் கடந்த 180 நாளுக்குள் தகுதி பெற்றவர் மடித்திருக்க வேண்டும், பட்டு போன்ற இயற்கை இழையானால் 60 நாள். இருக்கை மெத்தையாக நினைத்து ஈரத்தோடு காரின் பின்பக்கத்தில் போட்டு வைப்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

"கட்டாயம்" என்ற சொல்லிலேயே நிறையக் குழப்பம் இருக்கிறது. விமானப் பாதுகாப்பு அமைப்பு வெளியிடும் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் என்பது சட்டம். அதை நிறைவேற்றாமல் பறந்தால் அந்தப் பறத்தலே விதிமீறல். பராமரிப்புக் கையேட்டில் பறக்கும் தகுதிக்கான வரம்புகள் என்று தனியாக ஒரு பகுதி இருந்தால் அதுவும் அதே எடை. தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின், டெக்னிக்கல் நோட் போன்றவை அப்படி இல்லை. பல நாடுகளில், சொந்த உபயோகக் கிளைடருக்கு அவை தம்மளவில் கட்டாயம் ஆகாது. அதே விஷயத்துக்கு டைரக்டிவ் வந்தால்தான் ஆகும். இதை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு என்னிடம் சட்டம் பேசுகிற உரிமையாளர்கள் உண்டு. சட்டப்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தப் புல்லட்டினைத் தள்ளிவிட்டால் ஏன் தள்ளினேன் என்று காரணம் எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள் என்பேன். பேனாவை நீட்டியதும் பாதிப் பேர் "சரி, மாத்திடுங்க" என்றுவிடுவார்கள்.

டைரக்டிவ் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிளானிக் எல்-13 ஓர் உதாரணம். செக்கோஸ்லோவாக்கியாவில் 2,600க்கும் மேல் தயாரான அலுமினியப் பயிற்சிக் கிளைடர், பல தலைமுறை பைலட்டுகளின் முதல் பள்ளிக்கூடம். 2010 ஜூன் 12 அன்று ஆஸ்திரியாவில் ஒன்றின் இறக்கை நடுவானில் பிய்ந்து, இரண்டு பேர் இறந்தார்கள். இறக்கையின் வேர்ப் பகுதியில், முதன்மை ஸ்பாரில் (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடிச் சுமையைத் தாங்கும் பாகம்) உலோகக் களைப்பால் வந்த விரிசல் என்று முதற்கட்ட விசாரணையிலேயே தெரிந்தது. அவசர டைரக்டிவ்கள் வந்தன, உலகெங்கும் எல்-13கள் தரையில் நின்றன. பல கிளப்புகளின் ஒரே பயிற்சிக் கிளைடர் அதுதான்.

அப்போது பழைய லாக்புக்குகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், மணிக்கணக்கு மட்டும் போதவில்லை என்று. அமைதியான வானில் வட்டமிட்ட ஒரு மணியும், சாகசப் பறத்தல் செய்த ஒரு மணியும் ஸ்பாருக்கு ஒன்றல்ல. எத்தனை விஞ்ச் லாஞ்ச், எவ்வளவு சாகசம், இருவர் ஏறியது எத்தனை, ஒருவர் ஏறியது எத்தனை என்று எழுதி வைக்காத கிளைடரின் உண்மையான வயதை யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடியிழைக் கிளைடர்களில் முதலில் 3,000 மணி என்று வரம்பு வைத்து, விசேஷப் பரிசோதனை செய்து 6,000, 9,000, 12,000 என்று படிப்படியாக நீட்டிக்கும் முறை இருக்கிறது. அங்கேயும் பரிசோதிப்பவருக்குக் கிடைக்கும் முதல் கருவி அந்தப் பழைய நோட்டுப் புத்தகம்தான்.

சின்னச் சாமான்களை மறந்துவிடாதீர்கள். ஸ்பிளிட் பின் ஒரு தடவைக்குத்தான். கழற்றினால் குப்பை. நைலான் வளையம் வைத்த நட்டும் கட்டுப்பாட்டு இணைப்பில் மறுபடி போடக்கூடியது இல்லை. கையாலேயே திருக முடிகிறது என்றால் அது பிடிப்பை இழந்துவிட்டது. கட்டுப்பாட்டுத் தண்டுகளை இணைக்கும் லோட்டெலியே வகை இணைப்பில் பூட்டைக் காக்கும் பாதுகாப்பு ஊசி தொலைந்தால், அதற்குப் பதில் பேப்பர் கிளிப் வளைத்து மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். வாலில் இருக்கும் சுக்கானை இயக்கும் ரடர் கேபிளில் பெடல் பக்கம் வளைந்த குழாய்க்குள் போகும் பகுதிதான் முதலில் தேயும், அது வெளியே தெரியாது. பெடலை முழுக்க முன்னே தள்ளி, துணியால் கேபிளைப் பிடித்து உருவிப் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தால் துணி மாட்டும். வெறும் கையால் செய்ய வேண்டாம், என் விரலில் தழும்பு இருக்கிறது.

மோட்டார் வைத்த கிளைடரானால் எரிபொருள் ரப்பர் குழாய்களுக்குத் தனிக் கெடு உண்டு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

வருடாந்திரத்துக்கு வருவதற்கு முன் ஒரே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்: மொத்த மணி, மொத்த லாஞ்ச், கொக்கிகளின் வரிசை எண்ணும் கடைசியாக ஓவர்ஹால் செய்தபோது இருந்த லாஞ்ச் எண்ணிக்கையும், பெல்ட் லேபிள் தேதி, பாராசூட் தேதிகள், நிறைவேற்றிய டைரக்டிவ்களின் எண்கள். பழைய கிளைடர் வாங்கப் போகிறவர்களும் விற்பவரிடம் கேட்க வேண்டியது இதைத்தான். தாளே இல்லை என்று பதில் வந்தால், அந்த எல்லாப் பாகங்களின் விலையையும் கிளைடர் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பேரம் பேசுங்கள். புதுப் பாகம் வாங்கும்போது அதோடு வெளியீட்டுச் சான்றிதழ், அதாவது பாகம் பொருத்தத் தகுதியானது என்று சொல்லும் தாள், வருகிறதா என்றும் பாருங்கள். சான்றிதழ் இல்லாத கொக்கி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் மாட்ட மாட்டேன்.

கழற்றிய பெல்ட்டைச் சிலர் திருப்பிக் கேட்பார்கள், டிரெய்லரில் சாமான் கட்ட உதவும் என்று. கொடுத்துவிடுவேன். அதற்கு முன் பக்கிளுக்குப் பக்கத்தில் கத்தரியால் இரண்டாக வெட்டிவிடுவேன். ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது, நல்ல பெல்ட்டை வீணாக்கிவிட்டீர்களே என்றார். முந்தின வருடம் இன்னொரு கிளைடரில் நான் கழற்றிய பெல்ட் ஒன்று, லேபிள் பிய்க்கப்பட்டு, அவருடைய பின் இருக்கையில் மாட்டியிருந்ததை அவரிடம் நான் அப்போது சொல்லவில்லை. அந்த வருடத்திலிருந்துதான் வெட்ட ஆரம்பித்தேன்.