சிட்டை முதலில், பேரேடு அப்புறம்

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் மண்டபத்தில் முதலில் போவது கரண்டு. ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு இது பழகிப்போன விஷயம். போன ஐப்பசியிலும் அப்படித்தான் போனது. மாமாவின் நண்டுக் கொட்டகையில் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம்.

காற்று தூக்குவதற்குள் வலையை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்த 11 நாட்டுப்படகுகளின் நண்டு எடை அப்போதுதான் ஏறியிருந்தது. கரண்டு திரும்பியதும் கம்ப்யூட்டர் ஒரு குறையும் சொல்லாமல் எழுந்தது. அதை இயக்கும் லினக்ஸ் நன்றாக இருந்தது, பழைய கணக்கெல்லாம் இருந்தது, அன்றைய தேதி போட்ட கோப்பும் இருந்தது. அதன் அளவு மட்டும் 0 பைட்.

“கரண்டு போனா கணக்கும் போயிருமா மாப்ள?” என்றார் மாமா. அந்தக் கணக்கு நிரலை பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். பழியைப் போட வேறு ஆள் இல்லை.

கோப்பில் ஒரு வரி சேர்ப்பது டிஸ்க்கில் ஒரே ஒரு எழுத்து வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. டிஸ்க் 4096 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; இன்றைய லினக்ஸில் வழக்கமான அளவு அதுதான். கோப்பு வளர்ந்து புதிதாக ஒரு கட்டம் தேவைப்பட்டால் குறைந்தது மூன்று இடத்தில் எழுத வேண்டும். புதுக் கட்டத்தில் சரக்கை எழுத வேண்டும். எந்தக் கட்டம் காலி, எது நிரம்பியது என்று காட்டும் பிட்மேப்பில் அதை ‘நிரம்பியது’ என்று குறிக்க வேண்டும். கோப்பின் ஐநோட்டில், அதாவது அதன் ஜாதகத்தில், புதுக் கட்டத்தின் எண்ணையும் புது அளவையும் போட வேண்டும்.

மூன்றும் டிஸ்க்கில் வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன. ஒரே கணத்தில் மூன்றையும் சேர்த்து எழுத டிஸ்க்கால் முடியாது. ஐநோட் மட்டும் எழுதப்பட்டு கரண்டு போனால், கோப்பு ‘அந்தக் கட்டம் என்னுடையது’ என்கிறது, பிட்மேப் ‘அது காலி’ என்கிறது. நாளைக்கு அதே கட்டத்தை இன்னொரு கோப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். ஒரே மனையை இரண்டு பேருக்குப் பத்திரம் பதிந்த கதைதான்.

கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கிக் கணக்கு வைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். 1990-களின் லினக்ஸில் இருந்த இஎக்ஸ்டி2 கோப்பு முறைமை இதற்கு முரட்டு வைத்தியம் வைத்திருந்தது. மெஷின் திடீரென்று நின்றுபோனால், மறுபடி எழும்போது எஃப்எஸ்சிகே என்ற நிரல் டிஸ்க்கில் உள்ள எல்லா ஐநோட்டையும் பிட்மேப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும். டிஸ்க் சிறியதாக இருந்தவரை ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும். டிஸ்க் பெருக்கப் பெருக்க அது மணிக்கணக்கில் இழுத்தது. எழுதிக்கொண்டிருந்தது நாலு கட்டம். அதற்காக மொத்த டிஸ்க்கையும் சல்லடை போட வேண்டுமா?

இதற்கான விடை கொட்டகையிலேயே, கணக்குப்பிள்ளை மேஜை மேல் கிடக்கிறது. படகு வந்து எடை போடும்போது அவர் பேரேட்டைத் தொடவே மாட்டார். சிட்டையில்தான் எழுதுவார். எந்தப் படகு, எத்தனை கிலோ, என்ன விலை, முன்பணத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும், எல்லாம் வரிசையாக ஏறும். ஒரு படகின் கணக்கு முடிந்ததும் கீழே கோடு கிழித்து ஒரு சின்னக் கையெழுத்து. கூட்டம் ஓய்ந்த பிறகு சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பக்கம் பக்கமாக ஏற்றுவார். நடுவில் யாராவது கூப்பிட்டாலும் கவலை இல்லை. கோடும் கையெழுத்தும் இருந்தால் அந்தக் கணக்கு உண்டு. இல்லாவிட்டால் அதை அடித்துவிட்டுத் திரும்ப எடை போட வேண்டியதுதான்.

ஜர்னலிங் என்பது இதுதான். இஎக்ஸ்டி2-க்கு ஒரு சிட்டை சேர்ப்பது எப்படி என்று லினக்ஸ் நிரலாளர் ஸ்டீபன் ட்வீடி 1998-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அது இஎக்ஸ்டி3 என்ற பெயரில் 2001-இல் லினக்ஸின் மையக் கருவான கெர்னலுக்குள் வந்தது. இதே யோசனை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் 1993-லிருந்தே உண்டு. தரவுத்தளக்காரர்களுக்கு அதைவிடப் பழக்கம்.

டிஸ்க்கில் ஒரு பகுதியை ஜர்னலுக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். பல மெஷின்களில் அது 128 எம்பி போல இருக்கும். மாற வேண்டிய பிட்மேப், ஐநோட் எல்லாம் முதலில் அங்கே வரிசையாக எழுதப்படும். தலையில் ஒரு விவரக் கட்டம்: ‘பின்னால் வருபவை டிஸ்க்கில் இன்ன இன்ன இடத்துக்குப் போக வேண்டியவை.’ பிறகு அந்தக் கட்டங்கள். கடைசியில் கமிட் கட்டம். கோடும் கையெழுத்தும் அதுதான். அது டிஸ்க்கில் விழுந்த பிறகே மாற்றங்கள் சொந்த இடத்துக்கு, அதாவது பேரேட்டுக்கு, சாவகாசமாகப் போய்ச் சேரும்.

கரண்டு போய் வந்தால் மொத்த டிஸ்க்கையும் தேட வேண்டாம். ஜர்னலைத் திறந்து, கமிட் கட்டம் உள்ளவற்றை மட்டும் சொந்த இடத்தில் மறுபடி எழுதினால் போதும். இல்லாததைத் தூக்கிப் போட்டுவிடலாம். சில நொடி வேலை. மறுபடி எழுதும்போதே திரும்பக் கரண்டு போனால்? முதலிலிருந்து மறுபடி எழுதலாம். கொட்டகை உவமை இந்த இடத்தில் உதைக்கிறது. கணக்குப்பிள்ளை ‘12 கிலோ சேர்’ என்பதை இரண்டு தடவை ஏற்றினால் 24 ஆகிவிடும். ஜர்னலில் இருப்பது ‘சேர்’ என்ற கட்டளை இல்லை; ‘இந்தப் பக்கம் முழுக்க இப்படி இருக்க வேண்டும்’ என்ற பக்கத்தின் நகலே இருக்கிறது. அதை எத்தனை முறை ஒட்டினாலும் பக்கம் ஒன்றுதான்.

எல்லாம் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நடக்கிறது. மற்றதெல்லாம் டிஸ்க்கில் ஏறுவதற்கு முன்னால் அது மட்டும் ஏறிவிட்டால் வெறும் தாளில் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். இது வெறும் பயம் இல்லை. டிஸ்க்குக்குள்ளேயே ஒரு சின்ன நினைவகம் உண்டு. எழுதச் சொன்னால் அதில் வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆச்சு’ என்று சொல்லிவிடும். பிறகு தனக்கு வசதியான வரிசையில் எழுதும். அதனால் கெர்னல் நடுவில் ஒரு தடுப்புப் போடுகிறது: ‘இதுவரை வாங்கியதை எல்லாம் நிஜமாகவே எழுதி முடி.’ அதற்குப் பதில் வந்த பிறகுதான் கமிட் கட்டம் போகும். அதையும் நினைவகத்தில் நிறுத்தாமல் நேரே எழுதச் சொல்லும். இஎக்ஸ்டி3-க்கு அடுத்து வந்த இஎக்ஸ்டி4-இல் சரிபார்ப்பு எண்ணும் சேர்ந்துகொண்டது. பாதி எழுதப்பட்ட சிட்டையை அது காட்டிக்கொடுக்கும்.

சரி, இவ்வளவு காவல் இருந்தும் 11 படகின் கணக்கு எங்கே போனது?

வழக்கமான அமைப்பில் இஎக்ஸ்டி4 ஜர்னலில் எழுதுவது தன்னுடைய கணக்கை மட்டும்தான். நம் சரக்கை இல்லை. ‘சரக்கு சொந்தக் கட்டத்துக்குப் போன பிறகே அதைப் பற்றிய குறிப்பு கமிட் ஆகும்’ என்ற ஒழுங்கு மட்டும் உண்டு. சரக்கையும் ஜர்னலில் எழுதச் சொல்லலாம். ஆனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கும், வேகம் படுத்துவிடும் என்பதால் அதிகம் பேர் அந்தப் பக்கம் போவதில்லை.

அடுத்தது இஎக்ஸ்டி4-இன் கெட்டிக்காரத்தனம். சரக்குக்கு எந்தக் கட்டம் என்ற முடிவையே அது தள்ளிப்போடுகிறது. கொஞ்சம் காத்திருந்தால் மொத்தமாக, அடுத்தடுத்த கட்டங்களாக ஒதுக்கலாம் என்று கணக்கு. ஜர்னல் 5 நொடிக்கு ஒரு முறை கமிட் ஆகும். சரக்கு 30 நொடிக்கு மேலும் மெமரியில் உட்கார்ந்திருக்கலாம். அந்த இடைவெளியில் கரண்டு போனால் கோப்பின் பெயர் டிஸ்க்கில் ஏறியிருக்கும், சரக்குக்குக் கட்டமே ஒதுக்கப்பட்டிருக்காது. பேரேட்டில் தலைப்பு எழுதிய வெற்றுப் பக்கம். இஎக்ஸ்டி4 புதிதாகப் பரவிய 2009-இல் இதே 0 பைட் விவகாரம் பெரிய சண்டையானது. பழைய கோப்பின் மேல் புதியதை எழுதும் சந்தர்ப்பங்களுக்கு அப்புறம் ஒரு பாதுகாப்பு சேர்த்தார்கள். என்னுடையது அன்றன்றைக்குப் பிறக்கும் புதுக் கோப்பு. அதற்கு அது உதவாது.

இதில் கோப்பு முறைமையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது கொடுத்த வாக்கை மீறவில்லை. எஃப்சிங்க் என்று கேட்டால்தான் ‘இந்தக் கோப்பு டிஸ்க்கில் ஏறிவிட்டது’ என்று அது வாக்கே கொடுக்கும். நான் கேட்கவில்லை. பைத்தானில் ஃபிளஷ் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஃபிளஷ் சரக்கை என் நிரலிலிருந்து கெர்னல் வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான்.

எஃப்சிங்க் சொல்லும் பதிலையும் கவனித்துக் கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்கள் 2018-இல் இதில் திடுக்கிட்டுப் போனார்கள். எழுதுவதில் பிழை என்று கெர்னல் ஒரு முறை சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை ‘சுத்தம்’ என்று குறித்துவிடும் சந்தர்ப்பங்கள் இருந்தன. தரவுத்தளம் மறுபடி கேட்டால் ‘சரி’ என்று பதில் வரும். சரக்கோ டிஸ்க்குக்குப் போயே இருக்காது. இப்போது போஸ்ட்கிரெஸ் பிழை வந்தால் மறுபடி கேட்பதில்லை. வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, தன் சொந்தச் சிட்டையிலிருந்து கணக்கை மீட்டெடுக்கிறது.

அன்றைய 11 படகும் கணக்குப்பிள்ளையின் தாள் சிட்டையைப் பார்த்து மறுபடி ஏறின. நான் நிரலைத் திருத்தினேன். ஒவ்வொரு படகுக்கும் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் கேட்டு, கோப்பின் பெயர் இருக்கும் அடைவுக்கும் ஒரு முறை கேட்டு, பிழையில்லாத பதில் வந்த பிறகே திரையில் ‘ஏறியாச்சு’ என்று காட்டும். அந்தப் பழைய ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுவது. ஒரு சுற்றுக்கே 8 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஒரு எஃப்சிங்க்குக்கு அப்படிச் சில சுற்று. ஆயிரக்கணக்கில் பதிவு வரும் வங்கிக்கு இது பெரிய தலைவலி. நண்டு எடை போடுகிற இடத்தில் அது யாருக்கும் தெரியக்கூட இல்லை.

மாமாவுக்கு நம்பிக்கை வர வேண்டுமே. ஒரு நாள் ஏழு படகு ஏறி, எட்டாவதை அவர் தட்டிக்கொண்டிருக்கும்போது நானே பிளக்கைப் பிடுங்கினேன். மெஷின் எழுந்ததும் ஏழும் இருந்தன.

“எட்டாவது எங்கடா?”

“அதுக்கு ‘ஏறியாச்சு’ வந்துச்சா மாமா?”

“வரல.”

கணக்குப்பிள்ளை சிட்டையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். மாமா எட்டாவதை முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.